ஒரே என்ஜினுக்கு ரெண்டு பேர்

எங்கள் எதிர் ஃப்ளாட் அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர். மும்பைக்கு வந்து இருபத்தைந்து வருஷமாகியும் பேச்சில் ஊர் மாறாதவர். குடும்பத்தோடு ஹாங்காங் போய்விட்டு வந்தார். வந்த அன்றே டிஸ்னிலேண்டில் எடுத்த படங்களை எல்லாம் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். மொத்தம் 117 படம். (எண்ணினேன். பேங்க் புத்தி, என்ன செய்ய.) அதில் ஒன்றில் அண்ணாச்சியும் மதினியும் பிள்ளைகளும் நுழைவாசல் தாண்டியதும் வரும் சதுக்கத்தில் நிற்கிறார்கள். பின்னால் பழைய காலத்து முனிசிபல் ஆபீஸ் மாதிரி ஒரு கட்டடம்.

"அண்ணாச்சி, உங்க பின்னால தெரியுதே, அது எந்த ஊர் கட்டடம் தெரியுமா?"

"இதென்ன கேள்வி? ஹாங்காங் கட்டடந்தான்வே."

"இல்ல. அமெரிக்காவுல ஃபோர்ட் காலின்ஸ்னு ஒரு ஊர். அந்த ஊர்க் கோர்ட்டைப் பார்த்துக் கட்டினது. லண்டன்ல இருந்த ஒரு பொம்மை ரயில் கடை வழியாத்தான் இங்க வந்து சேர்ந்துச்சு."

அண்ணாச்சி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சாப்டீரா?" என்று பேச்சை மாற்றிவிட்டார். மார்ச் முடிந்து ஏப்ரல் பிறந்தால் பேங்க் ஆட்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பார். அவருக்குச் சொல்ல வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நேரம் கிடைக்கும்போது படிக்கட்டும்.

முதலில் கடை.

லண்டனில் ஹை ஹோபர்ன் தெருவில் 112-ஆம் எண். கடையின் பெயர் பாஸெட்-லோக். லண்டனில் முதலில் 1908-ல் கடை திறந்தார்கள். முதலாளி வென்மன் ஜோசப் பாஸெட்-லோக்கின் சொந்த ஊர் நார்த்தாம்ப்டன். அவர் குடும்பத்துக்கு அங்கே பாய்லர் பட்டறை இருந்தது. பையனுக்குப் பெரிய பாய்லரை விடச் சின்ன என்ஜின்களில்தான் ஆசை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற சமயம், கேட்டலாக் அச்சடித்து, மாதிரி என்ஜின்களையும் அவற்றின் உதிரி பாகங்களையும் தபாலில் விற்க ஆரம்பித்தார். 1900-ல் பாரிஸில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் போனவர், ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து பிங் கம்பெனிக்காரர்களைச் சந்தித்தார். 'நீங்கள் செய்வது வெறும் பொம்மை. எங்கள் நாட்டில் ஓடுகிற என்ஜின் எப்படி இருக்கிறதோ அச்சு அசல் அப்படியே செய்து தாருங்கள், நான் விற்றுக் காட்டுகிறேன்' என்பது அவர் போட்ட கணக்கு. ஹென்றி கிரீன்லி என்ற இன்ஜினியர் வரைபடம் போட்டுக் கொடுத்தார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

இதன் அருமை, சாவி கொடுத்து ஓடுகிற தகர ரயிலை வைத்து விளையாடிய நம் தலைமுறைக்குச் சட்டென்று புரியும். மதுரை சித்திரைப் பொருட்காட்சியில் அப்பா எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார். வட்டமாகத் தண்டவாளம், ஒரு என்ஜின், இரண்டு பெட்டி. புகைபோக்கி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சக்கரம் எத்தனை என்பதெல்லாம் செய்தவன் இஷ்டம். பாஸெட்-லோக் என்ஜின் அப்படி இல்லை. ஓடுகிற ரயிலின் அளவை இத்தனையில் ஒரு பங்கு என்று கணக்காகக் குறைத்து, ஆணி முதல் கைப்பிடி வரை சரியாக இருக்கும். சிலவற்றில் தண்ணீர் ஊற்றி ஸ்பிரிட் விளக்கு ஏற்றினால் நிஜமாகவே நீராவியில் ஓடும். விலையும் அதற்கு ஏற்ற மாதிரிதான். பொம்மைக் கடையில் பிள்ளை நகர மாட்டேன் என்று அடம் பிடிக்கும், அப்பா இழுப்பார். இந்தக் கடையில் அப்பா நகர மாட்டார், பிள்ளைதான் இழுக்க வேண்டும்.

பாஸெட்-லோக் சாதாரணக் கடைக்காரர் இல்லை. ஊரில் கவுன்சிலர். சோஷலிஸ்ட் ஃபேபியன் சங்கத்து ஆள். அதனால் பெர்னார்ட் ஷா அவருக்கு நண்பர். சார்லஸ் ரென்னி மெக்கின்டாஷ் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரை வைத்துத் தன் வீட்டை உள்ளே புதுப்பித்திருந்தார். விருந்தினர் அறைச் சுவரில் கண்ணைப் பறிக்கிற கோடுகள். ஷா வந்து தங்கியபோது, இந்தக் கோடுகள் தூக்கத்தைக் கெடுக்காதா என்று வீட்டம்மா கவலைப்பட்டாராம். நான் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் தூங்குவது என்றாராம் ஷா :-) இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோன மல்பெரி மிதவைத் துறைமுகத்தின் மாதிரிகளைச் செய்து கொடுத்ததும் இந்தக் கம்பெனிதான். ரயில் பித்து பிடித்த யாரும் லண்டன் போனால் எட்டிப் பார்க்காமல் திரும்பாத கடை என்று சொல்லத்தான் இத்தனை பீடிகை.

அடுத்து, பித்துப் பிடித்தவர்.

வால்ட் டிஸ்னி சின்ன வயதில் மிசூரி மாநிலத்தின் மார்சலின் என்ற ரயில்வே ஊரில் வளர்ந்தவர். உறவில் ஒரு மாமா என்ஜின் டிரைவர். பதின்ம வயதில் ஒரு கோடை முழுக்க ரயிலில் பேப்பர், மிட்டாய், சோடா விற்றிருக்கிறார். கோடை முடிந்து கணக்குப் பார்த்தால் நஷ்டம். ரயில் மேல் இருந்த ஆசை மட்டும் போகவில்லை. 1947 கிறிஸ்துமஸ் சமயத்தில், கம்பெனி முதலாளி ஆன பிறகு, நாற்பத்தாறு வயதில், தனக்கென்று ஒரு லயனல் மின்சார ரயில் செட் வாங்கி ஆபீஸில் பரப்பி வைத்தார். அவரிடம் வேலை பார்த்த ஓவியர்களில் வார்ட் கிம்பால் என்பவர் நிஜ ரயிலையே வாங்கித் தன் வீட்டுத் தோட்டத்தில் ஓட விட்டவர். ஆலி ஜான்ஸ்டன் என்ற இன்னொருவர் சின்ன நீராவி என்ஜின் செய்துகொண்டிருந்தார். இவர்களைப் பார்த்து முதலாளிக்கும் ஆசை முற்றியது. 1948-ல் கிம்பாலைக் கூட்டிக்கொண்டு சிகாகோ ரயில் கண்காட்சிக்குப் போய் வந்தார். 1950-ல் தன் வீட்டைச் சுற்றி அரை மைல் தண்டவாளம் போட்டு, மேலே உட்கார்ந்து ஓட்டுகிற அளவில் ஒரு நீராவி ரயிலை ஓட விட்டார். என்ஜினுக்கு மனைவி லில்லியன் பெயரை ஒட்டி 'லில்லி பெல்' என்று பெயர். மனைவியின் பூச்செடிகளுக்குக் கீழே தொண்ணூறு அடிச் சுரங்கப்பாதை.

எனக்குப் பிடித்தது இதுதான். தண்டவாளம் போடும் உரிமை கேட்டு வக்கீலை வைத்து முறையாக ஒப்பந்தப் பத்திரம் எழுதி, மனைவியிடமும் இரண்டு மகள்களிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார். இதைத் தங்கமணியிடம் சொன்னபோது, "நீங்க பால்கனியில டிராக் போடணும்னாலும் பத்திரம் எழுதிட்டு வாங்க, பார்க்கலாம்" என்று பதில் வந்தது.

இத்தனை நடக்கும்போது அவர் கம்பெனி ஒன்றும் பணத்தில் புரளவில்லை. நாற்பதுகளின் கடைசியில் பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்கு அவர்கள் வைத்திருந்த கடன் நாற்பது லட்சம் டாலருக்கு மேல். 1950-ல் வந்த 'சிண்டரெல்லா' ஓடியதால் மூச்சு வந்தது.

அப்படியானால் அவருக்கு 1951-ல் லண்டனில் என்ன வேலை? இங்கே கொஞ்சம் அன்னியச் செலாவணிக் கணக்கு வருகிறது. போரடித்தால் அடுத்த மூன்று பத்தியைத் தாண்டிக்கொள்ளுங்கள். ஆனால் என்னைக் கேட்டால் கதையின் முடிச்சே இதில்தான் இருக்கிறது. பல வருஷம் செலாவணிப் பிரிவில் குப்பை கொட்டியவன் அப்படித்தானே சொல்வேன்!

போர் முடிந்தபோது பிரிட்டனிடம் டாலர் இல்லை. உணவுக்கும் இயந்திரங்களுக்குமே டாலர் போதாதபோது, மக்கள் வாராவாரம் கூட்டம் கூட்டமாக ஹாலிவுட் படம் பார்த்தார்கள். அந்த வசூல் முழுக்க டாலராக மாறி வெளியே போனால் கஜானா என்ன ஆவது? 1947 ஆகஸ்டில் வெளிநாட்டுப் படங்களுக்கு 75 சதவீத வரி போட்டது அரசாங்கம். ஹாலிவுட்காரர்கள் முறுக்கிக்கொண்டு புதுப் படங்களை அனுப்புவதையே நிறுத்தினார்கள். 1948 மார்ச்சில் சமரசம். வரி கிடையாது. அதற்குப் பதில், எல்லா அமெரிக்கக் கம்பெனிகளும் சேர்ந்து வருஷத்துக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர்தான் வெளியே எடுத்துப்போகலாம். மீதி பவுண்டாகவே பிரிட்டனுக்குள் இருக்க வேண்டும், அங்கேயே செலவழிக்க வேண்டும். பேசி முடித்த மந்திரி ஹெரால்ட் வில்சன், பிற்பாடு பிரதமரானவர்.

டிஸ்னிக்கும் பிரிட்டனில் பவுண்ட் முடங்கிக் கிடந்தது. கார்ட்டூன் படம் எடுக்க வேண்டிய ஆட்கள் எல்லாம் கலிஃபோர்னியாவில். எனவே முடங்கிய பணத்தைச் செலவழிக்க இங்கிலாந்திலேயே நிஜ நடிகர்களை வைத்துப் படம் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். 1950-ல் 'டிரெஷர் ஐலண்ட்' வந்தது. கார்ட்டூன் கலப்பே இல்லாத முதல் டிஸ்னி படம். அடுத்தது 'ராபின் ஹூட்', 1951-ல் படப்பிடிப்பு. அதே வருஷம் ஜூலையில் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' முதல் காட்சியும் லண்டனில்தான். ஆகவே முதலாளி அந்தக் கோடையில் லண்டனில் இருந்தார்.

நம் நாட்டிலும் இந்தக் கூத்து உண்டு. ஜேம்ஸ் ஐவரி, இஸ்மாயில் மெர்ச்சண்ட் ஜோடியின் முதல் படமான 'தி ஹவுஸ்ஹோல்டர்' (1963) படத்தைக் கொலம்பியா கம்பெனி வாங்கியது இந்தியாவில் முடங்கிக் கிடந்த ரூபாயைக் கொண்டுதான். அந்தக் காலத்தில் எட்டு டாலரோடு விமானம் ஏறியதாகப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அதே டாலர் பஞ்சத்தின் இன்னொரு முகம். செலாவணிக் கட்டுப்பாடு என்றாலே முகம் சுளிக்கிறோம். அது இல்லாவிட்டால் இந்தக் கதையில் ஒரு ஆள் லண்டனுக்கு வந்தே இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இன்னொரு ஆளுக்கு வருவோம். ஹார்ப்பர் கோஃப். 1911-ல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் பிறந்தவர். அண்ணாச்சி, ஊர்ப் பெயரைக் கவனித்தீர்களா? பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தார். வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவில் செட் வடிவமைத்தார். பாஞ்சோ நன்றாக வாசிப்பார். அவரும் ரயில் பிரியர்.

1951-ல் கோஃப் லண்டன் போனபோது பாஸெட்-லோக் கடைக்குள் நுழைந்தார். ஒரு என்ஜின் மனதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் வேறொருவரும் அதே என்ஜின் மேல் கண் வைத்திருப்பதாகக் கடைக்காரர்கள் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வேறொருவர் எதிரே வந்து நின்றார். தன் பெயர் வால்ட் டிஸ்னி என்றார். கோஃப் பின்னாளில் பேட்டிகளில் சொன்ன கதை இது. உங்களுக்கு என்ன தொழில் என்று டிஸ்னி கேட்டிருக்கிறார். ஓவியன் என்றிருக்கிறார் இவர். அமெரிக்கா திரும்பியதும் என்னை வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் அவர்.

அவ்வளவுதான் சம்பவம். பத்து நிமிஷம் கூட ஆகியிருக்காது.

இதைப் படிக்கிறவர்கள் எல்லாம் 'ஆஹா, என்ன ஒரு தற்செயல்!' என்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு இசைத்தட்டின் விவரத்தைப் பார்த்தேன். டிஸ்னி ஸ்டுடியோ ஓவியர்கள் சிலர் சேர்ந்து 'ஃபயர்ஹவுஸ் ஃபைவ் ப்ளஸ் டூ' என்று ஒரு ஜாஸ் குழு வைத்திருந்தார்கள். தலைவர், டிராம்போன் ஊதுபவர் யார் தெரியுமா? தோட்டத்தில் நிஜ ரயில் ஓட்டும் அதே வார்ட் கிம்பால். 1949-ல் வந்த அவர்களது இசைத்தட்டுகளில் பாஞ்சோ வாசித்தவர் ஹார்ப்பர் கோஃப்!

ஆக, லண்டன் கடையில் எதிரெதிரே நின்ற இரண்டு பேருக்கும் நடுவில் ஏற்கெனவே ஒரு பொது நண்பர் இருந்தார். அந்த நண்பர்தான் முதலாளிக்கு ரயில் பித்தை முற்ற வைத்தவரும். ஒரே நகரத்தில், சில மைல் தூரத்தில் வேலை பார்த்தவர்கள், ஐயாயிரம் மைல் தள்ளி ஒரு கடையில் சந்தித்துக்கொண்டார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இது நடந்திருக்கிறது! ஊரில் பக்கத்துத் தெருக்காரரோடு பேசியதே கிடையாது. மாட்டுங்கா காய்கறிக் கடையில் ஒரே கட்டு முருங்கைக்கீரைக்குக் கை நீட்டும்போதுதான் 'நீங்க எந்த ஊரு?' வருகிறது.

தற்செயல் எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று ஆடிட் பண்ணிப் பார்த்தேன். டிஸ்னி லண்டன் வந்தது முடங்கிய பவுண்டினாலும் பட வேலையாலும். அந்தக் கடைக்குப் போனது பித்தினால். கோஃப் போனதும் பித்தினால். ஒரு நாள், ஒரு வேளை, ஒரு என்ஜின். இந்த மூன்றும் பொருந்தியதை மட்டும்தான் தற்செயல் கணக்கில் எழுத முடிகிறது. அதுவும் சின்னத் தொகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். டிஸ்னி ஆபீஸில் அவரைப் பார்க்க எத்தனை காரியதரிசிகளைத் தாண்டியிருக்க வேண்டும். கடைக் கௌண்டரில் இரண்டு பேரும் கஸ்டமர்கள். அங்கே முதலாளி எவர், கூலிக்குப் படம் வரைபவர் எவர்?

அடுத்து நடந்ததுதான் பெரிய வரவு.

ஊர் திரும்பிய கோஃப் டிஸ்னியிடம் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் வரையச் சொன்னது ஒரு சின்னப் பூங்காவுக்கு. பர்பாங்கில் ஸ்டுடியோவுக்கு எதிரே கிடந்த பதினாறு ஏக்கரில், ஒரு ரயில், ஒரு சின்ன ஊர், ஒரு ஏரி. 1952-ல் நகரசபையில் கேட்டார்கள். ராட்டினம், கூட்டம், கூச்சல் எல்லாம் எங்கள் ஊருக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். மறுத்தது நல்லதாகப் போயிற்று. திட்டம் பதினாறு ஏக்கருக்குள் அடங்காமல் வளர்ந்து, அனஹைமில் 160 ஏக்கர் வாங்கி, 1955 ஜூலை 17-ல் டிஸ்னிலேண்ட் திறந்தது. ஆன செலவு சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர். ஆமாம், பிரிட்டன் ஒப்பந்தத்தில் வந்த அதே எண். இதைத் தற்செயல் கணக்கில் தாராளமாக எழுதலாம்.

இந்தப் பணத்தைப் புரட்டிய கதை தனிப் பதிவுக்கு ஆகும். டிஸ்னி தன் இன்ஷூரன்ஸ் பாலிசி மேல் கடன் வாங்கினார். ஏ.பி.சி. டெலிவிஷன் கம்பெனி 5 லட்சம் டாலர் போட்டு, 45 லட்சம் டாலர் கடனுக்கு ஜாமீனும் நின்று, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டது. பொம்மை ரயிலில் ஆரம்பித்த ஒரு யோசனைக்கு லோன் கேட்டு யாராவது என் டேபிளுக்கு வந்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், நான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

பூங்காவின் வாசலில் ஒரு ஊர்த் தெரு வேண்டும், 1900 வாக்கில் அமெரிக்கச் சிற்றூர் எப்படி இருந்ததோ அப்படி. அந்தத் தெரு டிஸ்னியின் மார்சலின் ஊர்தான் என்று எல்லோரும் எழுதுவார்கள். மார்சலின் சின்ன ஊர். பெரிய கட்டடங்களுக்கு அங்கே போவதெங்கே? கோஃப் தன் ஃபோர்ட் காலின்ஸ் படங்களைக் காட்டினார். சிட்டி ஹாலுக்கு ஃபோர்ட் காலின்ஸ் கோர்ட் மாதிரி ஆனது. பக்கத்துத் தீயணைப்பு நிலையமும் அந்த ஊர் ஜாடைதான். ஹாங்காங் டிஸ்னிலேண்ட் 2005-ல் திறந்தபோது வாசல் தெருவை அனஹைமைப் பார்த்தே கட்டினார்கள். அண்ணாச்சி குடும்பம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. கொலராடோவில் இருந்த அசல் கோர்ட் கட்டடத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். ஊரை விட்டு வந்தவன் வரைந்து வைத்ததுதான் கடல் தாண்டியும் நிற்கிறது.

'ஜங்கிள் குரூஸ்' படகுப் பயணமும் கோஃபின் கைவண்ணம்தான். நிஜ மிருகங்களை விட வேண்டும் என்பது டிஸ்னியின் ஆசை. பகலில் அவை புதருக்குள் தூங்கிவிடும், டிக்கெட் வாங்கியவன் இலையைத்தான் பார்ப்பான் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னதால் இயந்திர மிருகங்களானது. படகுக்கு மாதிரி, 1951-ல் வந்த 'ஆஃப்ரிகன் குவீன்' படத்துப் படகு. கோல்டன் ஹார்ஸ்ஷூ என்ற மதுக்கூடத்துக்கு, வார்னரில் 'கலாமிட்டி ஜேன்' படத்துக்குத் தான் போட்ட செட்டின் வரைபடத்தையே திரும்பவும் பயன்படுத்தினார். ஆள் சிக்கனக்காரரும்கூட.

எல்லாவற்றையும் விடப் பெரியது ஒரு நீர்மூழ்கி. ஜூல்ஸ் வெர்ன் நாவலை '20,000 லீக்ஸ் அண்டர் தி சீ' என்று படமாக எடுத்தார்கள், 1954-ல் வந்தது. நீர்மூழ்கி 'நாட்டிலஸ்' சுருட்டு மாதிரி வழவழவென்று இருந்தால் போதும் என்று டிஸ்னி முதலில் நினைத்தார். கோஃப் விடவில்லை. கதையில் அதைப் பார்க்கிற கப்பல்காரர்கள் கடல் பூதம் என்று பயப்படுகிறார்களே, சுருட்டைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? முதலையும் சுறாவும் கலந்த உருவம், முதுகில் ரம்பப் பற்கள், இரண்டு பக்கமும் கண் மாதிரி ஜன்னல், உடம்பெல்லாம் இரும்புத் தகடும் வரிசை வரிசையாக ரிவெட்டும். பழைய நீராவி என்ஜினைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு அந்த ரிவெட் வரிசை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. இன்று 'ஸ்டீம்பங்க்' என்று பிள்ளைகள் வரைகிற பித்தளைக் குழாய், திருகாணி உலகத்துக்கு இந்தக் கப்பல்தான் தாத்தா என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் படத்துக்குக் கலை இயக்கத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. வாங்கியவர்கள் ஜான் மீஹன், எமில் குரி. கோஃபின் பெயர் இல்லை. அவரிடம் கலை இயக்குநர்கள் யூனியன் கார்டு கிடையாது, அதனால் பெயரைச் சேர்க்க முடியாது என்றாகிவிட்டது.

புரொபோசலை ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து எழுதுகிறவன் ஒருத்தன், சாங்ஷன் லெட்டரில் கையெழுத்துப் போடுகிறவர் ஒருத்தர் என்பதைத் தினமும் பார்க்கிற எனக்கே, இதைப் படித்தபோது கொஞ்சம் வயிற்றெரிச்சலாக இருந்தது. அதோடு முடியவில்லை. அந்தப் படத்தை இயக்கிய ரிச்சர்ட் ஃப்ளைஷர் பிறகு 'தி வைக்கிங்ஸ்' (1958) படத்துக்கும், மனித உடம்புக்குள்ளே நீர்மூழ்கி போகிற 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' (1966) படத்துக்கும் கோஃபைத்தான் கூப்பிட்டார். இரண்டாவதில் வரும் 'புரோட்டியஸ்' கப்பல் அவர் வடிவமைத்தது. அந்தப் படத்துக்கும் கலை இயக்க ஆஸ்கர் கிடைத்தது. அதிலும் இவர் பெயர் இல்லை. 1971-ல் வந்த 'வில்லி வொங்கா' படத்தில் சாக்லேட் ஆறு ஓடும் அறை பார்த்திருப்பீர்கள். அதன் கலை இயக்குநர் இவர்தான், இந்த முறை பெயரோடு. பிறகு ஃப்ளோரிடாவில் 1982-ல் திறந்த எப்காட் பூங்காவின் உலக நாடுகள் பகுதிக்கும் வரைந்து கொடுத்தார். 1993-ல் காலமானார். பாஸெட்-லோக் தன் கடையில் இப்படி ஒரு சந்திப்பு நடந்து இரண்டே வருஷத்தில், 1953-ல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

லில்லி பெல் என்ன ஆனது என்று என் பையன் கேட்டான். 1953-ல் ஒரு விபத்தில் நீராவி பட்டு ஒரு சின்னப் பெண்ணுக்குக் காயம். டிஸ்னி அன்றோடு வீட்டு ரயிலை நிறுத்திவிட்டார். பூங்காவைச் சுற்றி ஓடுகிற பெரிய ரயில் இரண்டு வருஷத்தில் வந்தது.

டிஸ்னி பூங்காவில் வேலை பார்த்த பெரிய ஆட்களுக்கு மரியாதை செய்ய ஒரு வழக்கம் உண்டு. கடைத்தெருவின் மாடி ஜன்னல்களில், ஏதோ கடை விளம்பரம் மாதிரி அவர்கள் பெயரை எழுதி வைப்பார்கள். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டின் அட்வெஞ்சர்லேண்டில் கோஃபுக்கும் ஒன்று இருக்கிறது. பேராசிரியர் ஹார்ப்பர் கோஃப் பச்சை குத்துவார், பாஞ்சோவும் சொல்லித் தருவார் என்கிற மாதிரி போர்டு. நீர்மூழ்கி பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

அண்ணாச்சி, அடுத்த லீவுக்குக் கலிஃபோர்னியா என்று மதினி சொன்னதாகத் தங்கமணி சொல்கிறாள். போனால் அந்த ஜன்னலை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். 118-ஆவது படமாக வைத்துக்கொள்கிறேன்.